கழுவி வைத்த ஓடை

ஓடைகளுக்கு மார்க் போடுவது என் வேலை. நாகர்கோவிலில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். விடுமுறை நாட்களில் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு மலையடிவாரத்து ஓடைகளில் இறங்கிக் கல்லைப் புரட்டிக்கொண்டிருப்பேன். கல்லுக்கு அடியிலும் அழுகும் இலைகளுக்கு நடுவிலும் என்னென்ன பூச்சிகள் குடியிருக்கின்றன என்று பார்த்தால் போதும், அந்தத் தண்ணீரின் உடல்நிலை தெரிந்துவிடும். சில பூச்சிகள் நல்ல தண்ணீரில் மட்டும்தான் பிழைக்கும். அவை முதல் பெஞ்சு, மார்க் அதிகம். சில பூச்சிகள் சாக்கடையிலும் சுகமாக இருக்கும். அவை கடைசி பெஞ்சு. எங்கள் ஊரில் இதை எவ்வளவு விளக்கினாலும் கடைசியில், "அப்போ மீன் ஒண்ணும் கிடைக்கலியா?" என்றுதான் கேட்பார்கள்.

கோலாலம்பூருக்கு ஒரு பயிலரங்குக்காகப் போயிருந்தேன். ஓடைகளின் நலம் பற்றி ஜன்னலே இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து பேசினோம். குளிர் தாங்காமல் நான் குளியல் துண்டைப் போர்த்திக்கொண்டிருந்தேன். கடைசி நாள் தேநீர் இடைவேளையில், தொழிற்சாலைச் சீருடையும் கையில் ஹெல்மெட்டுமாக ஒருவர் என்னைத் தேடி வந்தார். பெயர் ஜோசப். சிரம்பானுக்குப் பக்கத்தில் செனாவாங்கில் ஷிப்ட் வேலை. பயிலரங்கு பற்றிப் பேப்பரில் பார்த்துவிட்டு மோட்டாரில் வந்திருக்கிறார். அந்த ஊரில் மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள்.

"டீச்சர், எங்கம்மா இருக்கற தோட்டத்துல ஒரு சுங்கை ஓடுது. கம்பெனிக்காரன் அத லோங்காங்னு சொல்றான். நீங்க வந்து பாத்து, சுங்கைதான்னு ஒரு வார்த்த எழுதிக் குடுத்தா போதும் லா."

சுங்கை என்றால் ஆறு. லோங்காங் என்றால் சாக்கடை வாய்க்கால். வாக்கியத்தின் வாலில் தொங்கும் லாவுக்கு அர்த்தம் இல்லை. பாமாயில் எடுக்கும் அந்தச் செம்பனைத் தோட்டத்தை வாங்கியிருக்கும் கம்பெனி அங்கே வீடுகள் கட்டப்போகிறது. ஓடை வளைந்து போகும் இடத்தை மண் போட்டு மூடிவிட்டு, நேர்கோட்டில் ஒரு சிமெண்ட் வாய்க்கால் கட்டத் திட்டம். அந்த வளைவின் கரையில்தான் ஜோசப்பின் அம்மா கங்கோங் கீரையும் பாகற்காயும் போட்டு பசாரில் விற்கிறார். அதுதான் அவருடைய பிழைப்பு. ஓடை உயிரோடு இருக்கிறது என்று காட்டிவிட்டால் கரையைத் தொட முடியாது. செத்த வாய்க்கால் என்று ஆகிவிட்டால் மூடுவதற்குத் தடையே இல்லை. நகராண்மைக் கழக அதிகாரி இரண்டு தரப்பையும் கேட்கும் கூட்டம் அந்த வாரமே இருந்தது. மலேசியாவில் இந்தச் சோதனை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. எல்லோரும் அந்த அறையில்தான் இருந்தார்கள். எல்லோரும் அடுத்த மாதம் வருவதாகச் சொன்னார்கள்.

நான் என் ஊருக்குத் திரும்ப இன்னும் சில நாட்கள் இருந்தன. கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் மேலே ஏறி ஊரைப் பார்க்கலாம் என்று வைத்திருந்த நாட்கள். பார்ப்பதைத்தான் எழுதுவேன், கேட்பதை எழுதமாட்டேன் என்று கறாராகச் சொன்னேன்.

"ஓகே லா டீச்சர். நல்ல சுங்கை" என்றார் ஜோசப். தோட்டத்தின் பெயரை மட்டும் எங்கேயும் எழுத வேண்டாம் என்று பிறகு கேட்டுக்கொண்டார்கள். ஆகவே இங்கும் எழுதவில்லை.

மறுநாள் சிரம்பானில் இறங்க வேண்டியவள் கெமாஸில் இறங்கினேன். ரயில் அவ்வளவு சுத்தம், அவ்வளவு குளிர், அவ்வளவு அமைதி. நம் ஊர் ரயிலில் காப்பிக்காரரும் வடைக்காரரும் மாறிமாறி வந்து நம்மைக் கண்ணயரவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தச் சேவையின் அருமை கெமாஸ் நடைமேடையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. என் கையிலிருந்த வலையையும் அதன் நீளக் கம்பையும் பார்த்துவிட்டு ஸ்டேஷன் ஊழியர் மலாயில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற தமிழ்ப் பெண் எனக்குச் சொன்னார்: "இங்க மீன் பிடிக்க எடம் இல்லைங்கறாரு."

ஜோசப்பை அழைத்தேன்.

"எங்க டீச்சர் இருக்கீங்க? நான் சிரம்பான்ல நிக்கறேன்."

"கெமாஸ்ல."

"அலாமாக்!" என்றார். "சரி, அங்கயே இருங்க. காடி எரவல் வாங்கிட்டு வரேன். அம்மாகிட்ட நீங்க லேட்டுன்னு சொல்லிடறேன்."

காடி என்றால் கார். அது வந்து சேரும்வரை ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கடையில் நாசி லெமாக் சாப்பிட்டேன். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு, பொரித்த நெத்திலி, வேர்க்கடலை, வெள்ளரித் துண்டு, மேலே சிவப்பாக ஒரு சம்பல். இலையில் பொட்டலமாகக் கட்டியிருந்தது பார்க்கச் சின்னதாகத் தெரிந்ததால் இரண்டாவதும் வாங்கினேன். ஜோசப் தன் அம்மாவிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியம் அந்த நேரத்தில் ஓடைக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிந்திருந்தால் முதல் பொட்டலமே இறங்கியிருக்காது.

பொழுது சாயத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஜோசப்பின் அம்மா புஷ்பம் அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். குள்ளமான, உறுதியான உடம்பு. புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் ஓடையைக் காப்பாற்றும் குழுவுக்கும் அவர்தான் தலைவி. அம்மன் கரகம் அந்த வளைவில்தான் ஜோடிக்கிறார்கள். ஒரு கிறிஸ்தவப் பெண் அதற்காக ஏன் அலைகிறார் என்று அங்கே யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

"வாங்க டீச்சர். கெமாஸெல்லாம் சுத்திப் பாத்தாச்சாமே" என்றார். சாப்பாட்டில் அந்த மாநிலத்துக்கே உரிய ஒரு குழம்பு இருந்தது. தேங்காய்ப்பால், மஞ்சள், ஊசிமிளகாய். மஞ்சள் நிறமும் பால் வாசனையும் பார்த்து ஏமாந்து ஒரு கரண்டி நிறைய ஊற்றிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வழிந்ததைப் பார்த்து, "வீட்டு ஞாபகம் வந்துருச்சு போல, பாவம்" என்று அக்கா இன்னொரு கரண்டி ஊற்றினார்.

காலையில் ஓடைக்குப் போனோம். போகும் வழியில் என் முகம் தொங்கியது. உண்மையாகவே தொங்கியது: இரண்டு பனைகளுக்கு நடுவே ஒரு பேனரில். கல்லூரி இணையதளத்திலிருந்து எடுத்த, எனக்கே பிடிக்காத புகைப்படம். கீழே 'ஆற்றைச் சோதிக்க வருகை தரும் இந்திய நிபுணரை வருக வருக என வரவேற்கிறோம்'. என் ஊர் ஓடைகளுக்கு நான் போகும்போது நாய்தான் வரவேற்கும்.

வளைவைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். படிகளுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. கரையில் ஒரு புல் இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அடியில் கிடந்த கற்களை வெளியே எடுத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, திரும்பக் கொண்டுபோய் அளவுவாரியாக அடுக்கியிருந்தார்கள். பெரிய கல் ஒரு வரிசை, சின்னக் கல் ஒரு வரிசை. படிகளில் நீச்சல்குளத்து வாசனை அடித்தது. சுற்றிலும் இருபது முப்பது பேர், நல்ல துணி உடுத்தி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எப்படி டீச்சர்?" என்றார் புஷ்பம் அக்கா. "நேத்து காலையில கோத்தோங் ரோயோங் போட்டோம். ஊரே எறங்கிருச்சு. இலை, செத்தை, பாசி, ஒண்ணு விடல. நீங்க லேட்டுன்னு ஜோசப்பு சொன்னானா, சரி நேரம் இருக்கேன்னு இன்னொரு வாட்டி பிளீச் ஊத்திக் கழுவிட்டோம்."

கோத்தோங் ரோயோங் என்பது ஊர் கூடிச் செய்யும் சிரமதானம். வலையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். வலையை ஓட்டத்துக்கு எதிராக ஊன்றி, அதற்கு முன்னால் நின்று காலால் கற்களைக் கலக்க வேண்டும். கல்லில் ஒட்டியிருப்பவை அடித்துக்கொண்டு வந்து வலையில் விழும். அதை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்ப்பேன். வரிசையாக அடுக்கியிருந்த கற்களைக் கலைக்கக் கால் கூசியது. கலைத்தேன். தட்டில் ஒரு சட்டைப் பொத்தான் விழுந்தது. இன்னொரு இடத்தில் கலக்கினேன். கொஞ்சம் மணல். நல்ல, கழுவிய மணல்.

எவ்வளவு மோசமான சாக்கடையிலும் ரத்தப்புழு என்று ஒரு சிவப்புப் புழு நெளியும். கடைசி பெஞ்சிலும் கடைசி ஆள். அதுகூட இல்லை. இத்தனை வருஷத்தில் ஆளே இல்லாத வகுப்பு எனக்கு வாய்த்தது அன்றுதான்.

"ஒரு பூச்சிகூட இருக்காது டீச்சர்" என்று கரையிலிருந்து ஒருவர் பெருமையாகக் குரல் கொடுத்தார். "நல்லா தேடிப் பாருங்க!"

இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று எனக்கு வந்தது கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம். தோட்டத்தில் இது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம் என்று ஜோசப் அப்போதுதான் சொன்னார். பெரிய துரை பார்வையிட வருகிறார் என்றால் மண்டோர், அதாவது கங்காணி, முதல் நாளே எல்லோரையும் இறக்கிவிடுவார். லயத்து வீடுகளுக்குச் சுண்ணாம்பு, வாய்க்காலுக்கு மருந்து, பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்துத் தலைவாரல். சோதிக்க ஒருவர் வருகிறார் என்றால் கழுவி வைக்க வேண்டும். இதை யாரும் அவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நான் வாய் திறக்க முடியாத நியாயம் ஒன்று அதில் இருந்தது. எங்கள் கல்லூரிக்கு ஆய்வுக்குழு வரும்போது தாமரைக்குளத்தை இறைத்து, தரையைத் தேய்த்து, தாமரையை மட்டும் தொட்டியில் நட்டு உள்ளே இறக்கி வைப்பார்கள். அந்த வேலைக்குப் பொறுப்பு விலங்கியல் துறை.

புஷ்பம் அக்காவைத் தனியே அழைத்துப் படியில் உட்கார வைத்தேன்.

"அக்கா, நான் தண்ணி சுத்தமா இருக்கான்னு பாக்க வரல. அதுல யார் குடியிருக்காங்கன்னு பாக்க வந்தேன். அந்தப் பூச்சிங்கதான் சாட்சி."

அவர் உடனே புரிந்துகொண்டார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"பூச்சி இருந்தா அழுக்குன்னுல்ல நெனச்சேன்" என்றார். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நானே கொன்னுட்டேனா டீச்சர்? கம்பெனிக்காரன் செய்ய நெனச்சத நானே செஞ்சு முடிச்சிட்டேனா?"

அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது. அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. நான் அப்படிக் கட்டிக்கொள்கிற ஆள் இல்லை என்பதால், தேநீர் கிடைக்குமா என்று கேட்டேன். அவர் எழுந்து போனார். கரையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஓடைக்கு எவ்வளவு மார்க் போடுவது என்றும் எனக்குத் தெரியவில்லை. என் அட்டவணை சைபருக்குக் கீழே போகாது.

அன்று மதியம் ஜோசப் என்னை ராசா என்ற ஊருக்குச் சாப்பிட அழைத்துப் போனார். கடைக்காரர் காதர் பாய் கீழக்கரைக்காரர். நான் நாகர்கோவில் என்றதும் ஊரின் எந்தத் தெரு என்பதுவரை விசாரித்துவிட்டு, மீன்தலைக் குழம்பைத் தானே கொண்டுவந்து வைத்தார்.

"மேடம், ஆறு எப்படி? பிளீச் நம்ம கடை ஐட்டம்தான். ஒரிஜினல் சரக்கு. ஓசிக்குக் குடுத்தேன், ஊர் காரியமாச்சேன்னு."

"நல்லா வேலை செஞ்சிருக்கு" என்றேன்.

"செய்யும், செய்யும்" என்று மகிழ்ந்து போனார். ஜோசப் தலையைக் குனிந்துகொண்டு மீனிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிந்ததும் ஜோசப்பும் நானும் ஓடையின் மேல்பக்கம் நடந்தோம். செம்பனைகள் முடிந்து காடு தொடங்கும் இடம்வரை போனோம். அட்டைகள் என்னிடம் மிகவும் பிரியமாக இருந்தன. அங்கே வலையைத் தட்டில் கவிழ்த்துப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் வந்தது. கல்லோடு கல்லாக அப்பிக்கொண்டு, பின்னால் மூன்று மெல்லிய வால்கள் கொண்ட பூச்சிக்குஞ்சுகள். மணலையும் இலைத்துண்டையும் ஒட்டித் தமக்கென்று ஒரு கூடு கட்டி, அதையே சட்டையாகப் போட்டுத் திரியும் புழுக்கள். முதல் பெஞ்சு முழுக்க ஆஜர். சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஜோசப் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

"அப்ப ஓகேவா டீச்சர்?"

"இது காடு. மூடப்போறது இத இல்லையே. வளைவுல இருந்துச்சுன்னு காட்டணும்."

அதற்கு வழி இல்லை. கீழே இறங்கி வரும்போது அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். கோயிலுக்குப் பக்கத்தில் வந்தபோது குப்பை லோரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. பின்னால் கறுப்புப் பைகள் மலைபோல் குவிந்திருந்தன.

"மூணு நாளா வராத லோரி இன்னிக்கு வந்துட்டான்" என்றார் ஜோசப். "ஆத்துல வாரின இலையெல்லாம் கோயிலுக்குப் பின்னால கட்டி வெச்சிருந்தோம்."

"இலையா? எப்ப வாரினது? பிளீச்சுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால. அன்னிக்குக் காலையில வாரினது."

ஓர் ஓடையின் மொத்தக் குடித்தனமும் அந்த இலைகளுக்குள்தான் இருக்கும். அது இப்போது லோரியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. மோட்டாரை எடுங்கள் என்று கத்தினேன். ஹெல்மெட்டை மாட்டி, வலைக்கம்பை ஈட்டிபோல் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினேன். லோரி நேராகப் போகாது. வீட்டுக்கு வீடு நின்று நின்று போகும், பிடித்துவிடலாம் என்று ஜோசப் சொன்னார். அன்றைக்கென்று எந்த வீட்டு வாசலிலும் குப்பை இல்லை. மெயின் ரோட்டு சிக்னலில்தான் பிடித்தோம். ஓட்டுநர் மலாய்க்காரர், சாதுவான மனிதர். ஜோசப் பேசியதையும் அவர் பேசியதையும் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"அந்தக் கறுப்புப் பைகள் எங்களுடையவை. திருப்பித் தாருங்கள்."

"அது குப்பை."

"தெரியும். இந்த அம்மா அதற்காகத்தான் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார்."

ஓட்டுநர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இதற்கும்கூட ஒரு விசா கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, மேற்கொண்டு கேட்காமல் பைகளை இறக்கிக் கொடுத்தார்.

மத்தியானம் முழுக்கக் கோயில் மண்டபத்தில் பழைய பேப்பர்களை விரித்து, பைகளைக் கொட்டி உட்கார்ந்தோம். நாற்றம் அம்மனுக்கே பொறுத்திருக்காது. புஷ்பம் அக்காவும் பெண்களும் முருங்கைக்கீரை ஆய்கிற மாதிரி இலை இலையாகப் புரட்டினார்கள். நான் காட்டிய மாதிரிகளை வைத்துக்கொண்டு எடுத்துத் தட்டில் போட்டார்கள். கூடு கட்டும் புழுக்களின் கூடுகள் வந்தன. மூன்று வால் குஞ்சுகள் வந்தன, செத்து, காய்ந்து, ஆனால் அடையாளம் தெரியும்படி. சின்ன நண்டு ஒன்று. நத்தைகள். முதல் பெஞ்சு மொத்தமும் பிணமாக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் போத்தலில் போடும்போது புஷ்பம் அக்கா, "இதுவும் நாந்தானா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

ஒரு பையின் அடியில் ஈரமாகவே இருந்த இலைக்கட்டில் ஒன்று அசைந்தது. தும்பியின் குஞ்சு. அழுக்கு நிறத்தில், சப்பையாக, அழகு என்று சொல்ல முடியாதது.

"ஐயோ, உசுரு இருக்கு டீச்சர்!" புஷ்பம் அக்கா அதை அப்படியே இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு எழுந்துவிட்டார். வளைவில் விடப்போனவரைத் தடுத்தேன். மேல்பக்கம் பிளீச் படாத இடம்வரை வெயிலில் செருப்பில்லாமல் நடந்து போய் விட்டுவிட்டு வந்தார். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தப் பிளீச்சு விஷயத்த மட்டும் எழுதாம விட்ருங்க டீச்சர்" என்றார் மெதுவாக. "ஆத்துல மருந்து ஊத்துனா கேஸ் போடுவான். என் பேச்சக் கேட்டுத்தான் எல்லாரும் எறங்குனாங்க. பேர் கெட்டுரும்."

"ஊத்தினதை எழுதணும் அக்கா. யார் ஊத்தினதுன்னு எழுத மாட்டேன்."

அவர் அடுத்த பையை இழுத்துப் பிரிக்கத் தொடங்கினார்.

கூட்டம் அடுத்த நாள், ஊர் மண்டபத்தில் நடந்தது. அதிகாரி முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண்மணி, அதிகம் பேசாதவர். வாசலில் தட்டில் வைத்திருந்த, கறிபாப்பு என்னும் உருளைக்கிழங்கு சோமாசிகளில் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டு உட்கார்ந்தார். ஜோசப் என் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் காதில் மொழிபெயர்த்தார். கம்பெனி இஞ்சினியர் மரியாதையானவர். அவரும் அன்று காலை ஆள் வைத்து வளைவில் சோதித்திருந்தார். அவருக்கும் ஒரு பூச்சி கிடைக்கவில்லை. என் தொழிலில் எந்தத் தப்பும் இல்லை என்பதை அவர் நிரூபித்துவிட்டார்.

நான் எழுந்து மேல்பக்கத்து மார்க்கைச் சொன்னேன். வளைவின் மார்க்கைச் சொன்னேன். வாரிய இலைகளில் கிடைத்தவற்றைப் போத்தல்களில் காட்டினேன். பிறகு பிளீச் ஊற்றப்பட்டிருக்கிறது என்றேன்.

இஞ்சினியர் கேட்டார்: "இந்தப் பைகள் வளைவிலிருந்து வந்தவைதான் என்பதற்கு என்ன ஆதாரம்? காட்டிலிருந்தும் அள்ளி வந்திருக்கலாம். பிளீச் ஊற்றியது யார்? எப்போது? மேடத்துக்குத் தெரியுமா?"

கேள்வி சரியானது. நான் கேட்டிருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தேன். அதிகாரி பேனாவை மூடி வைத்தார். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

புஷ்பம் அக்கா எழுந்தார். மலாயில்தான் பேசினார். ஜோசப் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். பிறகு வெகுநேரம் கழித்துத்தான் சொன்னார். ஆனால் அந்தக் குரலிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

"நான்தான் ஊற்றினேன். நான் சொல்லித்தான் இலையை வாரினார்கள். இந்த டீச்சர் வருகிறார் என்று ஆற்றைக் கழுவி வைத்தேன். அதில் உயிர் இருப்பது எனக்குத் தெரியாது. எல்லாம் செத்துப்போய்விட்டது. என்மேல் கேஸ் போடுங்கள்."

பிறகு இஞ்சினியரைப் பார்த்து ஒன்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார்.

"ஏற்கனவே செத்துக் கிடந்தது என்கிறீர்களே. செத்ததை நான் எப்படி சார் கொல்ல முடியும்?"

பிறகு பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, இலை வாரியது நான் என்றார். இன்னொருவர், கல்லைத் தேய்த்தது நான் என்றார். என் பேனரைக் கட்டியவர் எழுந்து, சுண்ணாம்பு தன்னுடையது என்றார். அதற்குள் ராசாவிலிருந்து வந்திருந்த காதர் பாய் கைதூக்கி, பிளீச் தன் கடைச் சரக்கு, ஒரிஜினல் என்று பதிவு செய்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் குற்றத்தில் பங்கு கிடைக்காதவர்கள் முகம் சுருங்கி உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டே இருந்தார். இஞ்சினியர் என் போத்தல் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

மழைக்காலம் முடிந்து திரும்பச் சோதிக்கும்வரை வளைவை யாரும் தொடக்கூடாது என்று அதிகாரி சொன்னார். யாரும் என்றால் கம்பெனியின் இயந்திரமும் தொடக்கூடாது, ஊரின் துடைப்பமும் தொடக்கூடாது. புஷ்பம் அக்காவுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. மேல்பக்கம் நன்றாக இருப்பதால் பூச்சிகள் ஓட்டத்தோடு தானாக இறங்கி வந்து குடியேறும், இலை விழுந்தால் விழட்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். என் பேனரை ஞாபகமாகச் சுருட்டிக் கையில் கொடுத்தார்கள். விமானத்தில் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு புஷ்பம் அக்காவிடமிருந்து குரல் செய்தி வந்தது. நான் கல்லூரியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், நல்லாருக்கீங்களா? அந்த ஆபீசர் ஆளுங்களோட வந்து பாத்துட்டுப் போனாங்க. நீங்க காட்டுன மூணு வால் பூச்சி நம்ம வளைவுக்கே வந்துருச்சு. சட்ட போட்ட புழுவும் இருக்கு. சுங்கைதான்னு எழுதிட்டாங்க. சிமெண்ட் வராதாம். கங்கோங் திரும்பப் போட்டுட்டேன்."

கொஞ்சம் மூச்சு வாங்கினார். பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"ஆபீசர் வர்றதுக்கு மொத நாளு பாதி ஊரு தொடப்பத்தோட வந்து நின்னுச்சு டீச்சர். பழக்கம் லா, என்ன செய்ய. நாற்காலி போட்டுக் குறுக்க உக்காந்துட்டேன். இன்னிக்கும் அங்கதான் உக்காந்திருக்கேன். நேத்து நல்ல மழை. ஆறு பூரா இலை. பாக்கப் பாக்கக் கை துறுதுறுங்குது டீச்சர். எடுக்கல."